ஓதம்

முதலாமவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை.
வண்டியை அணைக்காமல் கேட்டுக்கு வெளியே நின்று
"ரெண்டு கோட்டு, ஆளும் பொருளும் சேத்தி
நாப்பத்தெட்டு ஆகுமுங்" என்றார்.

இரண்டாமவர் செல்போனில் படம் காட்டினார்.
அவிநாசியில் ஒரு ஆஸ்பத்திரி,
காரணம்பேட்டையில் ஒரு மண்டபம்.
எல்லாச் சுவரும் ஒன்றுபோலச் சிரித்தன.
நாற்பத்திரண்டு. பாதி முன்பணம்.

மூன்றாவதாக லோகுராஜ்.
செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
டேப்பை எடுக்கவில்லை.
காய்ச்சல் பிள்ளைக்கு வைப்பதுபோல
ஒவ்வொரு சுவரிலும் புறங்கையை வைத்தார்.
படுக்கையறையின் மேற்குச் சுவரில்
கை அப்படியே நின்றது.
ஒரு ரூபாய்க் காசால் சுரண்டினார்.
உப்பு உதிர்ந்தது. வீங்கிய பட்டி,
அதனடியில் பழைய ரோஸ்,
அதனடியில் சுண்ணாம்பு,
அதனடியில் நனைந்த செங்கல்.

"இதுக்கு நான் பெயிண்ட் அடிக்க மாட்டனுங்."

அவருக்கே வேலையைக் கொடுத்தேன்.
"அடிக்க மாட்டேங்கறவனுக்கு எதுக்கு அட்வான்சு?"
தறி எண்ணெய்க் கையோடு வந்து கேட்டார் வீட்டுக்காரர்.
எனக்குப் பதில் தெரியவில்லை. கொடுத்தாயிற்று.

"பக்கத்து வூட்டுப் பாத்ரூம் தண்ணிங்க" என்றேன்.
"ஏழு வருசமாச் சொல்லலாம்னு இருக்கறோம்."
"சொல்லலீங்களா?"
"பேச்சுவார்த்தை இல்லீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீடு.
ஒன்பது அங்குலம் கனம்.
பாகப் பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று ஒரே வரி.
கிணற்று மோட்டாரில் அறுந்த பேச்சு;
அப்புறம் இரண்டு சீருக்கும் ஓர் எழவுக்கும்
ஒரே பந்தலில், வேறு வேறு வரிசையில்
உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறோம்.

லோகுராஜ் காசைத் துடைத்துப் பையில் போட்டார்.
"போன மாசம் அவுங்களும் கூப்புட்டிருந்தாங்க.
உங்க பாத்ரூம்னாங்க."

மறுநாள் உளியோடு ஒரு குழாய்க்காரர் வந்தார்.
சுவரின் நடு வயிற்றில் கிடைத்தது
ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய்.
வீடு ஒன்றாக இருந்தபோது
மாமனார் இழுத்துவிட்ட லைன்.
இப்போது அது எந்தக் குழாயடிக்கும் போகவில்லை.
நகராட்சி இணைப்பிலிருந்து அறுக்கவும் யாருமில்லை.
எட்டு நாளைக்கொருமுறை ஆற்றுத்தண்ணீர் விடும்போதெல்லாம்
சுவர்தான் முதலில் குடித்திருக்கிறது.

அறுத்து, அடைத்து, பூசி,
இரண்டாயிரத்து முந்நூறு.
லோகுராஜ் கார்பன் வைத்துச் சீட்டு எழுதினார்,
ஆளுக்கு ஆயிரத்து நூற்றைம்பது.
எனக்கு அடித்தாள் வந்தது.
மேல்தாள் யாருக்கென்று நான் கேட்கவில்லை.

"இருவத்தோரு நாள் காயட்டும்.
காத்து படோணும். அதுக்கு முன்னால
தூரிகை எடுத்தா என்னையத்தான் வைவீங்க."

தறிக்கூடத்து நிற்கும் ஃபேனைக் கொண்டுவந்து
சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம்.
கட்டில் நடு அறைக்குப் போனது.
கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகும்
வீடு பாதி வெள்ளை பாதி சாம்பலாக நின்றது.
வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.
"காயுதுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டது.

கூலி போட்டுத் தறி நின்ற ஒரு சனிக்கிழமை ராத்திரி
ஊரே திடீரென்று காது திறந்தது.
எங்கள் ஃபேனை அணைத்தேன்.
ஆனாலும் ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம்,
சுற்றுக்கொரு தரம் டிக்கென்று தட்டிக்கொண்டு.
அங்கேயும் சாந்தாமணி
இதே சுவருக்குத்தான் விசிறிக்கொண்டிருக்கிறாள்.
சற்று நேரம் கேட்டுவிட்டு
எங்களுடையதையும் போட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் லோகுராஜ் வந்தார்.
புறங்கை வைத்தார். தலையசைத்தார்.
நிற அட்டையை விரித்து என் மடியில் போட்டார்.
ஆயிரம் சதுரங்கள். எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

"அந்தப் பக்கம் என்ன கலருங்க சொல்லியிருக்கறாங்க?"
அட்டையைப் பார்த்தபடியே கேட்டேன்.

வாளியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:
"அதையச் சொல்றதில்லீங்.
அவுங்களும் கேட்டாங்க."