எழுபத்திரண்டில் ஒன்று

செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு
ரவுமா தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
நாங்கள் ஒன்பது பேர் கூடி
இல்லாத கப்பல் ஒன்றைக் கட்டுகிறோம்.

கீழே சிவப்பு வண்டிகள்
எந்த நொடியும் கிளம்பத் தயாராய் நிற்கின்றன.
எங்களுடையது எங்கும் போகாது.
ஆனாலும் அதன் வாலில் பதினோரு உந்துகுழாய்கள்.
ஏன் பதினொன்று என்றால்
"பன்னிரண்டாவது பழுதுக்குப் போயிருக்கிறது"
என்பான் ரைமோ, சிரிக்காமல்.

ரைமோ பகலில் கப்பல் துறையில்
நிஜ இரும்பைப் பற்றவைக்கிறவன்.
அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால்
ஆய்வாளர் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார்.
இங்கே பிசகுக்குப் பெயர் போர்த்தழும்பு.
மேலே கொஞ்சம் கரித்தூள் தேய்த்துவிடுவோம்.

நான் செயலாளர்.
பசையைத் தொட்டால் என் விரலோடு விரல்தான் ஒட்டும்,
அதனால் குறிப்பெழுதுகிறேன், காபி போடுகிறேன்,
மேல்தோட்டில் ஒட்டியதையெல்லாம் எண்ணி வைக்கிறேன்:
மூன்று டாங்கிகளின் சக்கரங்கள்,
ஒரு டிராக்டரின் புகைபோக்கி,
தேய்ந்த ரேசரின் தலை,
பைவி தன் காதுக் கருவியிலிருந்து
கழற்றித் தந்த பழைய மூடி.
சாம்பல் பூச்சு ஒரு தடவை விழுந்தால் போதும்,
எல்லாம் பிறந்த வீட்டை மறந்துவிடும்.
அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்
நான் சந்தா கட்டுகிறேன்.

அளவு: எழுபத்திரண்டில் ஒன்று.
எதில் ஒன்று என்று கேட்காதீர்கள்.
மார்ச் மாதம் முழுக்க அதற்கே சண்டை,
தூரே இரண்டு கூட்டம் வரவில்லை.
கடைசியில் முடிவானது:
கதவு இருபத்தெட்டு மில்லிமீட்டர்,
மனிதன் அதற்குள் தலை இடிக்காமல் நுழைய வேண்டும்.

கோடையில் ஆளுக்கொரு துண்டை
ஏரிக்கரைக் குடிலுக்கு எடுத்துப் போனார்கள்.
இணைப்பு வளையம் மட்டும் பொது,
உள்ளே அவரவர் ராஜ்ஜியம்.
ஆகஸ்டில் கொசுக்கடியோடு திரும்பினார்கள்.
எட்டுத் துண்டும் மேஜைமேல்.
வளையத்தோடு வளையம் பொருந்தியது,
திருகாணிகூடக் கேட்கவில்லை.

பிறகு பிஹ்லாவின் துண்டுக்குள் விளக்கைப் போட்டோம்.

பிஹ்லா பேருந்து ஓட்டுகிறவள்,
சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.
அவள் செய்தது சாப்பாட்டு அறை.
கடுகளவு விளக்கின் மஞ்சளில்
நாற்காலிகள் குதிரைகளாய் நின்றன.
கதவு நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
முப்பட்டை அளவுகோலில் பக்கம் மாறி
நாற்பத்தெட்டில் ஒன்றைப் படித்திருக்கிறாள்,
ஆறு வாரம், ஒவ்வொரு இரவும்,
மிகத் துல்லியமாக.

யாரும் பேசவில்லை.
பிஹ்லா கோட்டை எடுத்துக்கொண்டாள்.
ரைமோ ரம்பத்தை எடுத்தான்.
பைவி மட்டும் பூதக்கண்ணாடியோடு குனிந்து,
தனக்குக் காது கேட்காததால்
ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்:

"இங்கே யார் வசிக்கிறார்கள்?"

அதன்பின் நடந்ததைக் குறிப்பேட்டில்
ஒரே வரியில் எழுதியிருக்கிறேன்:
"கூட்டம் இரவு ஒன்றே முக்காலுக்கு முடிந்தது."
எழுதாதவை:
நாற்காலிக்கால்களில் முளைத்த நூலேணிகள்,
பெரிய கதவுக்குள் தூரே அறுத்த சின்னக் கதவு,
உப்புக்குடுவையின் நிழலில்
ஓய்வெடுக்கும் மாலுமிகள் இருவர்,
கோட்டோடே உட்கார்ந்து
பித்தளைக் கம்பியைத் தட்டித் தட்டி
பிஹ்லா செய்த கரண்டி,
ஒரு மாலுமி படுத்துறங்கும் நீளம்.

அக்டோபரில் தாம்பெரே கண்காட்சி.
நடுவர் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது:
"வேலைப்பாடு நன்று. அளவில் ஒழுங்கு இல்லை."
பரிசு இல்லை.
பக்கத்து மேஜைப் பையன் ஒருவன் மட்டும்
அப்பா இழுக்க இழுக்கப் போகாமல்
அந்தச் சன்னலில் கண்ணை வைத்து நின்றான்.
என்ன பார்த்தான் என்று சொல்லவில்லை.

பெரிய நாற்காலியில் உட்காரவேண்டியவரை
இதுவரை யாரும் செய்யவில்லை.
ரைமோ ஒருமுறை களிமண்ணில் பாதி உருட்டி
சத்தமில்லாமல் டப்பாவுக்குள் போட்டுவிட்டான்.

நேற்றுக் கூட்டத்தின் நடுவே
கீழே சைரன் ஊதி வண்டி பாய்ந்தது.
மேஜை நடுங்கியது.
அந்தக் கரண்டி
கொஞ்சம் நகர்ந்திருப்பதாகப் பைவி சொல்கிறாள்.
குறிப்பில் சேர்க்கலாமா என்று
வாக்கெடுத்தோம்.
நான்குக்கு நான்கு.
என் வாக்கை நான் இன்னும் போடவில்லை.