0118

பகாவில் மின்சாரம் போய் வந்த இரவு.
கணினி மறுபடி எண்ணத் தொடங்குகிறது,
நூற்றுப் பதினேழாம் மூளையிலிருந்து.

இருபத்திரண்டு வருஷமாக
சாம்பலில் எத்தனை சாம்பல் என்று
இந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.
இது நீர், இது நரம்பு, இது வெறும் இரைச்சல்.
இப்போது என்னைவிட வேகமாகப் பிரிக்கிறது.
தப்பு செய்வது மட்டும் என்னைப் போலவே.

அடுத்தது நல்லமுத்து, செம்பனை லாரி டிரைவர்.
சிரம்பான் ஆஸ்பத்திரிக் குழாய்க்குள்
ஒன்பது நிமிஷம் அசையாமல் படுக்கச் சொன்னேன்.
நாலாவது நிமிஷம் சிரித்துவிட்டார்.
படம் முழுக்க அலை,
குட்டையில் கல் விழுந்த மாதிரி.

"நாளைக்கு வர்ற நம்பர் அதுல தெரியுமா டாக்டர்?"
வெளியே வந்ததும் கேட்டார்.
அதை நினைத்துத்தான் சிரித்தாராம்.

நீக்கு என்கிறது நிரல்.
அந்த வரியை எழுதியது நான்,
முனைவர் பட்டத்துக்கு, முப்பது வயதில்.

மில்லின் எண்ணெய் வாடை சன்னலில் ஏறுகிறது.
என் கட்டுரைகளைப் புரட்டிப் பார்க்கிறேன்:
சிரித்தவர் ஒருவர்கூட இல்லை.

தனிக் கோப்பு ஒன்று திறந்தேன்.
பெயர் தோன்றவில்லை, எண்ணையே வைத்தேன்.
0118.
நாலு இலக்கம்.

அவரிடம் சொல்லப் போவதில்லை.