டவுனியா, ஹேரியா

ஜன்னல் கண்ணாடியில் மோதி
பனியில் மல்லாந்துகிடந்த மரங்கொத்தியைக்
கையுறையோடு அள்ளிவந்தாள் ஆர்டிஸ்.
வெளியே சுப்பீரியர் ஏரிக்காற்று.

இரண்டு சாதிக்கும் பொதுவான வெள்ளை முதுகு.
பிடரியில் சிவப்புத் துளி:
ஆண்தான், அதில் தகராறில்லை.

"ஹேரி" என்றான் வெர்லின்,
சோபாவை விட்டு எழாமலே.
பதினோரு குளிர்காலமாக
அவனுக்கு எல்லாமே ஹேரி.

அலகைப் பார்த்தாள்.
தலையில் பாதிகூட இல்லை,
ஒடித்த தீக்குச்சி.
வாலின் ஓர இறகை மெல்ல விரித்தாள்.
வெறும் வெள்ளையென்றால்
அவன் ஜெயித்தான்.

ஒரு கரும்புள்ளி.
இரண்டு.

மூன்றாவதை எண்ணுமுன்
நறுக்கென்று ஒரு கொத்து,
பறந்து பர்ச் மரத்துக்குப் போய்விட்டது.

"என்னவாம்?"

கட்டைவிரலில் கம்பளி பிரிந்திருந்தது.
துளை வழியே விரலைப் பார்த்தாள்.
"சின்னதுதான்" என்றாள்.