அரைச்சுமை

லிந்துலையில் இரவு ஒன்பது பாகை.
வெளியே குளிர் சும்மா கிடக்கிறது,
யாரும் விலை கேட்காமல்.
உள்ளே, பாலை நாலுக்கு இறக்க
யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகிறோம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பீட்டு அறிக்கை வேண்டும் என்றார்
மெனேஜர் அபேசிங்க.
கொழும்பிலிருந்து வந்தவர் வழுவழுத்த புத்தகமொன்றை
மேசையில் விட்டுப்போயிருந்தார்.
அட்டையில் நாற்பது வீதம் மிச்சம்,
அதன் பின்னால் ஒருநாளும் மூடுபனி காணாத ஒரு மலை.

நான் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் கௌவவிட்டுப்
பதினொரு இரவு உட்கார்ந்தேன்.
பால் ரசீதுகளின் முதுகில் எழுதியது இது.

நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது நேர்மையான முறை.
ஓடினால் முழு ஓட்டம், இல்லையென்றால் உறக்கம்.
ஆனால் எழும்பும்போதெல்லாம்
ஆறு மடங்கு கரண்டை ஒரே மிடறில் விழுங்கும்.
கீழ் லயத்து பல்புகள் ஒரு கணம் மஞ்சளாகும்.
ஒரு மணிக்குள் ஒன்பது தடவை எழுப்பினேன்.
பத்தாவதில் கருகல் வாசம்.
"கைக்குழந்தையக்கூட இப்பிடி எழுப்ப மாட்டாங்க"
என்றான் பத்மசீலன், காண்டாக்டரைக் கழற்றிக்கொண்டே.

சூடான வாயுவைச் சுற்றிவிட்டுப் பார்த்தோம்.
அழுத்திய வாயுவில் பாதி
பாலின் பக்கம் போகாமலே திரும்பி வந்தது.
வெப்பமானியின் முள் அசையவில்லை, பார்க்க அழகு.
மீட்டரும் அசையவில்லை,
முழுச்சுமையிலேயே நின்றது.
நானுஓயா இறக்கத்தில்
ஒரு காலை அக்சிலேட்டரிலும் மறு காலை பிரேக்கிலும்
வைத்து இறங்கும் பஸ்.
இதை அடித்தபோது பேனா ரசீதைக் கிழித்தது.

சிலிண்டர்களை இறக்கிவிட்ட இரவில்தான் என் கை நின்றது.
ஆறில் மூன்றின் உறிஞ்சு வால்வைத்
திறந்தபடியே பிடித்துக்கொண்டால்
பிஸ்டன்கள் ஏறி இறங்கும், எதையும் அழுத்தாமல்.
குளிர் பாதி.
கரண்டு பாதி இல்லை, நூற்றுக்கு அறுபத்துநாலு.
வெறுங்கையோடு ஏறி இறங்கியவற்றுக்கும்
உராய்வுக் கூலி.

பதினெட்டுக் கிலோ கேட்ட நாளில்
பதினாலு பறித்த அம்மாவுக்கு
அரைப்பேர் போட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.
கம்ப்ரசர்: ஐம்பது கொடுத்தது, அறுபத்துநாலு வாங்கியது.
அம்மா: எழுபத்தெட்டுக் கொடுத்தது, ஐம்பது வாங்கியது.
பிறகு கீழ்வரியை வெட்டினேன்.
அபேசிங்க கேட்டது கம்ப்ரசர்களைப் பற்றி மட்டும்.

இரவல் இன்வேர்ட்டர் வந்ததும் முதலில் மாறியது சத்தம்.
உறுமல் தணிந்து,
அடுத்த அறையில் யாரோ முணுமுணுப்பதுபோல் ஆயிற்று.
பாதிக் குளிருக்குக் கிட்டத்தட்டப் பாதிக் கரண்டு,
இரண்டு இரவு அதற்கும் குறைவு.
வாசலில் சும்மா கிடந்த குளிர்
கண்டென்சருக்குள் கையை நீட்டிக் கொஞ்சம் தூக்கிக்கொடுத்தது.

விற்க வந்தவர் பொய் சொல்லவில்லை.
முழுவதையும் சொல்லவுமில்லை.
மழை ஓய்ந்து புல் தழைக்கும் மாதத்தில்
எல்லாத் தோட்டத்துப் பாலும் ஒரே காலையில் வந்து நிற்கும்.
அப்போது இன்வேர்ட்டர்
தன் பங்குக்கு மூன்று வீதம் எடுத்துக்கொண்டு
பழையதைவிட அதிகம் தின்னும்.
முப்பது ஹேர்ட்ஸுக்குக் கீழே இறக்கினாலோ
குழாயில் ஏறிய எண்ணெய் வீடு திரும்பாது.
மெதுவாகப் போவதற்கும் ஓர் அடித்தரை உண்டு.

ஆகவே,
பழையது முழுச்சுமையில் அடிப்பாரத்தைத் தூக்கட்டும்.
இன்வேர்ட்டர் சின்னதற்கு மட்டும்,
ஏற்ற இறக்கம் அதன் பாடு.
மிச்சம் நாற்பது அல்ல, இருபத்திரண்டு.
போட்ட காசு திரும்ப மூன்று வருடமும் இரண்டு மாதமும்.

வெள்ளிக்கிழமை அவர்
கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார்.
ரசீதுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
"இது என்ன, வெட்டிக் கிடக்கிறது?"
"வேற கணக்கு சேர்."
"பிழையா?"
"இல்ல சேர். சரியான கணக்கு."

வெளியே முதல் பவுசர்
பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.
இரண்டாயிரத்து முந்நூறு லீட்டர்,
இன்னும் மாட்டின் சூடு.
நான் எழுந்துபோய்ப் பழையதன் சுவிட்சைத் தட்டினேன்.
கீழ் லயத்தில்
பல்புகள் ஒருமுறை மஞ்சளாகித் திரும்பின.