நாற்பது வீதக் கழிவு

பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடியில், சிவப்புத் தாள்:
நாற்பது வீதக் கழிவு.
ஓரத்தை நகத்தால் கிளப்பினேன்.
கீழே இன்னொரு தாள், போன மாதத்தது.
அதில் விலை
இன்றையதிலும் ஆறாயிரம் குறைவு.

"அது பழைய டொலர் விலை, மிஸ்"
என்றான் ரிஃப்கான், வெட்கமே இல்லாமல்.
தேத்தண்ணி வேணுமா என்றும் கேட்டான்.

வேண்டாம். பிளக்கைக் கழற்று.

ஏழு தரம் மூடித் திறந்தேன்;
பிணைச்சல் முனகவில்லை.
வெள்ளைத் திரையில் செத்த புள்ளி தேடினேன்,
அரிசியில் கல் பார்க்கிற கண்ணால்.
விசை விசையாய்த் தட்டிப் போனேன்.
ழகரம் மட்டும் இரண்டிரண்டாய் விழுந்தது.

முப்பத்தெட்டாவது நிமிடம் திரை அணைந்தது.
கறுப்பில் என் முகம்,
பின்னால் மணிக்கூடு பார்க்கும் அவன்.

"ஒரு வருச வொறண்டி, மிஸ்."
எழுதித் தா.
"வாய்ச்சொல் போதாதா?"
போன தரம் போதுமென்றுதான்
அரைவாசி ஆய்வேட்டைத் தொலைத்தேன்.

நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு
காலி வீதிக்கு இறங்கினேன். மழை.
நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடி
பையை நெஞ்சோடு பிடித்திருந்தேன்,
காசு அப்படியே.

வெள்ளவத்தைக்கு முன்னமே அழைத்தான்:
"பழைய தாள் விலைக்கே தாறன்.
பற்றரியும் புதுசு. எழுதியும் தாறன்."

ழகரம்? என்றேன்.