மேற்படி

பத்துச் சதுரம் போட்ட மஞ்சள் அட்டை.
வீட்டுக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று.
விருந்தாளி குளத்தில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும்
ஒரு சதுரத்தில் ஓட்டை போடுவாள் டார்லீன்,
டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, முகம் பார்க்காமல்.

மேசா நகரம், அரிசோனா. பிப்ரவரி கடைசி.
ஆரஞ்சு மரங்கள் பூத்துத் தெருவே மணக்கிறது.
சுடவைத்த தண்ணீரின் மேல் ஆவி எழும் காலை எட்டு மணிக்கு
மினசோட்டாப் பனிக்குத் தப்பி வந்தவர்கள்
தொப்பியோடு மிதக்கிறார்கள்.
ஐம்பத்தைந்துக்குக் கீழே யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது.
பேரப்பிள்ளைகள் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை நனையலாம்.
இவர் எப்போது வேண்டுமானாலும் நனையலாம்.
எழுபத்தொன்று முடிந்துவிட்டது.

முழங்கால் மாற்றி ஏழு வாரம்.
தண்ணீரில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
சாண்ட்லரில் அவர் இருக்கும் அடுக்ககத்தில்
குளம் வெடித்து, வற்றி, இலை குவிந்து கிடக்கிறதாம்.
போனில் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.
கேட்கத் தெரியாத மனிதர்.
அதைப் பதினாறு வருடம் படித்தவள் நான்,
பிறகு இருபத்திரண்டு வருடம் மறந்தவள்.

பதிவேட்டில் என் வீட்டு எண்ணுக்கு ஒரு பக்கம்.
தேதி.
பெயர்: மோகனரங்கன்.
கார் எண்.
உறவு.

பேனா அங்கே நின்றது.
முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடைக் கவுன்டரில் நின்று
எத்தனை டாக்டர்களின் கிறுக்கலைப் படித்திருக்கிறேன்,
ஒரு சொல் எழுத வரவில்லை.
பின்னால் யாரோ துண்டோடு நின்று இருமினார்.
ஏதோ எழுதினேன்.

சுவரில் விதிகள், கண்ணாடிச் சட்டத்துக்குள்.
விருந்தினர் எந்நேரமும்
குடியிருப்பவரின் கண்பார்வைக்குள் இருக்கவேண்டும்.
நான் சிரித்த சிரிப்பில்
அவரும் திரும்பிப் படித்தார். காது சிவந்தது.
டல்லஸ், தைபே,
ஒருமுறை மூன்று நாள் எங்கேயென்றே தெரியாமல்.
அந்தப் பதினாறு வருடமும்
இப்படி ஒரு பலகை எங்கள் வீட்டில் மாட்டியிருக்கவில்லை.

அடுத்த விதி:
விருந்தினர் செய்யும் சேதத்துக்கு
அழைத்துவந்தவரே பொறுப்பு.

அதற்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
மருந்தைப் பற்றி எனக்குத் தெரியும்:
சிலதை உயிர் உள்ளவரை விழுங்கவேண்டும்,
சிலதை நிறுத்தலாம், ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது.
விருந்தைப் பற்றி இந்த அட்டைதான் சொல்லவேண்டும்.

நான் தண்ணீரில் இறங்குவதில்லை.
குடைக்குக் கீழே நாற்காலி, கையில் குறுக்கெழுத்து.
மார்பளவுத் தண்ணீரில் அவர்
வீட்டில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல்
பாதம் பார்த்துப் பாதம் வைத்து நடக்கிறார்.
நள்ளிரவில் அப்படித்தான் வருவார்.
நான் தூங்கியதில்லை.

மூன்றாம் நாள் சுற்றுகளை எண்ணச் சொன்னார்.
ஐந்தாம் நாள் சொல்லாமலே எண்ணினேன்.
ஏழாம் நாள் பக்கத்துத் தெரு ராபர்ட்டா
"உன் வீட்டுக்காரர் தேறிவிட்டாரே" என்றாள்.
திருத்தவில்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குடையைச் சாய்க்கவேண்டியிருந்தது.

இன்று பத்தாவது ஓட்டை.
மேற்கொண்டு வேண்டுமென்றால் நாளுக்கு ஆறு டாலர்.
அவர் பணப்பையை எடுத்தார்,
நாக்கில் விரல் தொட்டு எண்ணினார்.
நீதிமன்ற நடைகூடத்தில் எண்ணிய அதே விரல்.
"முப்பது. அஞ்சு நாளைக்கு."
முழங்கால் இப்போது நன்றாகவே மடங்குகிறது.
அதை அவர் சொல்லவில்லை. நானும்.

டார்லீன் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.
உறவுக் கட்டத்தில்
முதல் வரிக்குக் கீழே ஒன்பது வரியிலும்
மேற்படி என்று இரண்டு சின்னக் கோடு,
அவளே போட்டது.
அன்றைக்கு என்னதான் எழுதினேன் என்று குனிந்தேன்.
யார் முழங்கையிலிருந்தோ சொட்டிய தண்ணீரில்
மை கரைந்து, நீலமாய் ஊறி,
ஒரு எழுத்தும் தேறவில்லை.

டார்லீன் பதினோராவது வரியில் நாளைய தேதி போட்டாள்.
பக்கத்தில் இரண்டு கோடு.