சிவப்பா, பச்சையா

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்
முதலில் டயர்க்கடை.
அடுத்தது நாங்கள்.
பெயர்ப்பலகையின் இரண்டு எழுத்துகளைக் காற்று கொண்டுபோய்
நான்கு வருஷம் ஆகிறது.
வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மெனு அட்டைக்கு இரண்டு பக்கம்.
ஒன்றில் ஹாம்பர்கர், பான்கேக், வறுத்த கோழி.
மற்றதில் என்சிலாடா, தமாலே,
ஞாயிறு மட்டும் குடல் சூப்.
உள்ளே எலெயுதேரியோவுக்கு இருப்பதோ ஒரே கல்.
வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும்
அதன்மேல் எல்லை பார்த்து உருகுவதில்லை.

கேட்பது என் வேலை.
சிவப்பா, பச்சையா?
நியூ மெக்சிகோவில் மிளகாய்ச்சாறு எந்த நிறம் என்று கேட்காமல்
ஒரு தட்டும் மேசைக்குப் போகாது.
முடிவெடுக்கத் தெரியாதவர்களும் பேராசைக்காரர்களும்
"கிறிஸ்துமஸ்" என்பார்கள்.
பாதி அது, பாதி இது.
ஆகஸ்டு வெயிலிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி.
ஜன்னலோர நான்காம் மேசை.
கிழக்கேயிருந்து கிராசியேலா வருவாள், மகளோடு.
மேற்கேயிருந்து வெர்லின், தனியாக.
இரண்டு வீட்டுக்கும் சரிபாதி தூரம் என்று
வக்கீல்கள் வரைபடத்தில் அளந்து கண்டுபிடித்த இடம் இது.
எங்கள் காபியைக் குடித்துவிட்டு
யாரும் இதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

பெண்ணுக்கு ஏழு வயது. டெல்ஃபினா.
இரண்டு நாளுக்கான பை அவளைவிடக் கனம்.
அதிலிருந்து பொம்மைக் குதிரையின் ஒரு கால்
எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பெரியவர்கள் பேசுவது இவ்வளவுதான்:
இருமல் மருந்து பக்கவாட்டு ஜிப்பில்.
செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்.
ஊதா ஸ்வெட்டரைத் துவைக்காதே, சுருங்கும்.
அவள் நின்றபடி காபி குடிப்பாள்.
இவன் தொப்பியைக் கழற்றுவான், மாட்டுவான்,
மறுபடி கழற்றுவான்.

குழந்தைக்கு எப்போதும் பான்கேக்.
மேலே பீன்ஸ் கேட்பாள். நான் எதுவும் சொல்வதில்லை.
எலெயுதேரியோ மட்டும் சமையலறைத் திறப்பில் எட்டிப் பார்த்து
நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்.

போன வெள்ளி,
அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு
"எனக்கு என்சிலாடா" என்றாள்.
கேட்பது என் வேலை. கேட்டேன்.
அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.
"கிறிஸ்துமஸ்."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும்.
நானும் அதைத்தான் நினைத்தேன்.
மாதா சிலையை ஊர்வலத்தில் தூக்கிப்போகிற மாதிரி
அந்தத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து வந்தேன்.

முதல் வாய் பச்சையிலிருந்து.
இரண்டாவதற்கு அவசியமே வரவில்லை.
காது சிவந்தது, மூக்கு ஒழுகியது,
மென்றது அத்தனையும் மேசைமேல்.
இந்த வருஷ மிளகாய் அப்படி. மழை இல்லை.
"பால்!" என்றாள் அவள்.
"பால்!" என்றான் அவன்.
என் காதுபட அவர்கள் ஒத்துப்போன ஒரே சொல்.

ஓடிப்போய்த் திரும்பியபோது
கிராசியேலா உட்கார்ந்திருந்தாள்.
அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.
வெர்லின் தொப்பியால் மகளின் நாக்குக்கு விசிறிக்கொண்டிருந்தான்.
அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள்,
சிரித்ததில் பால் மூக்கு வழியே வந்து
என் ஏப்ரனில் பட்டது.

அப்புறம் ஒன்றுமில்லை.
பான்கேக் வந்தது, பீன்ஸோடு.
மிச்ச என்சிலாடாவை இருவரும் ஆளுக்கொரு ஓரத்திலிருந்து
பேசாமல் தின்றார்கள்,
காசு கொடுத்தது வீணாகக் கூடாதே என்பதுபோல்.
நடுவில் ஒரு துண்டு மிஞ்சியது. யாரும் தொடவில்லை.
பில்லுக்குப் பழைய தள்ளுமுள்ளு,
ஒரு இருபது டாலர் நோட்டு சாற்றில் நனைந்தது.
ஏழேகாலுக்கு ஒரு கார் கிழக்கே போனது,
ஒரு பிக்கப் மேற்கே,
குதிரையின் காலோடு.

மேசையைத் துடைத்தேன்.
பச்சை ஒரே இழுப்பில் போய்விடும்.
சிவப்புக்கு எலுமிச்சையும் உப்பும் வேண்டும்.
தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்;
பின்னால் லாரிக்காரர் ஒருவர்
காலிக் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தார்.
சிவப்பா, பச்சையா என்று கேட்டேன்.
காபி, என்றார்.
வெறும் காபி போதும்.